பொட்டு வைத்த பி

நான் மூன்றாவது வரை படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவதும் நிதானமாகத்தான் வரும். இங்கிலீஷில் பெரிய எழுத்தைக் கண்டால் இன்னது என்று சொல்லிவிடுவேன், பஸ் போர்டு பார்த்துப் பழகியது. எழுதச் சொன்னால் கை திணறும். அப்படிப்பட்ட நான் அரசாங்கப் பரீட்சைக்குப் போய், வயர்லெஸ்ஸில் பேச என் பேருக்கு லைசென்ஸ் வாங்கினேன். பெருமைக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் இருப்பதாக நடிக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் மயிலாப்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்கு ஹாம் ரேடியோப் பைத்தியம். அதாவது, லைசென்ஸ் வாங்கியவர்கள் வீட்டிலேயே ஒரு செட்டை வைத்துக்கொண்டு ஊர் உலகத்தோடு பேசலாம். அதில் வியாபாரம் பேசக் கூடாது, காசு வாங்கக் கூடாது. புயல், வெள்ளம், திருவிழா என்றால் ஓடிப்போய் உதவலாம். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைமரத்துக்கும் நடுவே அவர் ஏரியல் கம்பி கட்டியிருந்தார். அதில் ஒரு நாள் பாவாடை காயப்போட்டு வாங்கிய திட்டை நான் மறக்கவில்லை.

"மைக்கை மட்டும் தொட்டுடாத. லைசென்ஸ் எம்பேர்ல கீது. நீ பேசினா என்துதான் பூடும்" என்று சொல்லி வைத்திருந்தார். நானும் தொட்டதில்லை.

ஒரு கார்த்திகை மாசத்து மழையில் வேளச்சேரி முங்கிவிட்டது. போன் எதுவும் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரர் கையில் பிடிக்கும் சின்ன செட்டோடு அங்கே போய்விட்டார். நான் வீட்டில் பெரிய செட்டுக்குப் பக்கத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வேளச்சேரியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க, ஊரூர் குப்பத்திலிருந்து மீன்பிடிப் படகு ஒன்றை லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். "கிண்டிப் பக்கம் ரோடு போச்சு. படகை தரமணி வழியா வரச் சொல்லுங்க" என்றது அவர் குரல். கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. அதோடு அவர் செட்டில் பேட்டரி தீர்ந்தது.

பத்து நிமிஷம் கழித்து லாரியில் இருந்த ஹாம் கேட்டார்: "கிண்டியா, தரமணியா? யாராச்சும் சொல்லுங்கப்பா." யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் சொன்னது வேறு யாருக்கும் எட்டவில்லை போலிருக்கிறது. எட்டியது எனக்கு மட்டும். மைக் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. லாரியில் இருந்தவர் மறுபடி கேட்டார், மறுபடியும் கேட்டார். நான் முறத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லாரி கிண்டிப் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. படகுக்காக வேளச்சேரியில் மாடியில் நின்றவர்கள் ரெண்டு மணி நேரம் கூடுதலாக நனைந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை.

நடந்ததைச் சொன்னதும் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "சொல்றதுக்கு இன்னா? ஆபத்துக்கு யாரு வேணாலும் பேசலாமே!"

"அதை முன்னாடியே சொல்றதுக்கு உங்களுக்கு இன்னா? தொட்டா பூடும்னு சொல்லிக்கினு இருந்தது யாரு?"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "இனிமே உங்க பேர்ல எனக்கு எதுவும் வேணாம். என் பேர்ல லைசென்ஸ் வேணும்" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே படித்தேன்.

ரேடியோ சமாசாரங்களை அவரிடமே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தேன். ஹாம் சங்கத்துக்காரர்கள் விண்ணப்பம் எழுதிக் கேட்டதில், அந்தக் கேள்விகளைப் பரீட்சை அதிகாரிகள் என்னிடம் வாயால் கேட்கச் சம்மதித்தார்கள். ஆனால் மோர்ஸ் என்ற தந்திப் பாஷை இருக்கிறதே, டிட் டா டிட் என்று ஒலி வரும், அதைக் கேட்டு எழுத்தாக எழுதித்தான் காட்ட வேண்டும். கேட்பது எனக்குக் கஷ்டமே இல்லை. இருபது வருஷம் சமையல்கட்டிலிருந்து கேட்ட சத்தம். வீட்டுக்காரர் தட்டத் தட்ட வாயால் சொல்லிவிடுவேன். எழுதுவதுதான் வம்பு. எஸ் எந்தப் பக்கம் வளையும் என்று யோசிப்பதற்குள் நாலு எழுத்து ஓடிப்போகும்.

பக்கத்துத் தெருவில் ரிட்டையர்டு பாங்க் மாமா ஒருவர், அவரும் ஹாம்தான், வாசலில் நிறுத்திக் கேட்டார்: "பரீட்சைக்குப் போறேளாமே? இங்கிலீஷ்ல எழுதணுமே, என்ன பண்ணப் போறேள்?"

"காதுல விழறதை எழுதப் போறேன்" என்றேன்.

அப்படியேதான் செய்தேன். ஏ, சி, எம் என்று தமிழிலேயே எழுதிப் பழகினேன். ஒரே ஒரு தகராறு. இங்கிலீஷில் பம்பாய்க்கு ஒரு பி, பட்டணத்துக்கு வேறு பி; நம் தமிழில் ரெண்டுக்கும் ஒரே பிதான். டில்லிக்கும் டிக்கெட்டுக்கும் அப்படியே ஒரே டிதான். அதனால் பம்பாய் பிக்கும் டில்லி டிக்கும் தலையில் ஒரு பொட்டு வைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒளித்தேன் என்றில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

பரீட்சை நாளில் வாய்க் கேள்விகள் முடிந்தன. அப்புறம் டேப் ஓடியது, எழுதினேன், கொடுத்தேன். அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"என்னம்மா இது, மளிகை லிஸ்டா?"

கூட எழுதியவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெளியே நின்ற வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து முகம் வெளுத்துப் போனார்.

"படிங்க சார், வரும்" என்றேன்.

"இங்கிலீஷ்ல எழுதணும்னு தெரியாதா?"

"அதுல எழுதியிருக்கறதெல்லாம் இங்கிலீஷ்தான் சார். எழுத்துதான் தமிழ்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து என் தாளில் குறுக்கே ஒரு கோடு போட வந்தார். அந்தக் கோடு விழுந்தால் மறுபடியும் வாயை மூடிக்கொண்டு செட்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். "ஒரு வார்த்தை படிச்சுப் பாத்துட்டு அடிங்க சார்" என்றேன்.

வேண்டாவெறுப்பாகப் படித்தார். "பி, ஆர், ஓ, பி... இது எந்த பி?"

"மொதல்ல இருக்கற பொட்டில்லாதது பட்டணம் பி. கடைசில பொட்டு வெச்சது பம்பாய் பி."

அவர் சரியான விடை இருந்த தன்னுடைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். பேனா மேஜைக்குப் போய்விட்டது. கடைசி வரி வரை போய் நிமிர்ந்தார். மொத்தம் ரெண்டே தப்பு.

ஆனாலும் விடவில்லை. தந்தி அடிக்கிற சாவியைத் தானே எடுத்துத் தட்ட ஆரம்பித்தார், பம்பாய், பட்டணம், டில்லி, டிக்கெட் எல்லாவற்றையும் வேண்டுமென்றே கலந்து. அவர் விரல் நிற்பதற்குள் நான் சொன்னேன். வேகமாகத் தட்டினார், வேகமாகச் சொன்னேன். ஒன்றும் தப்பவில்லை. பிறகு நான் தட்டிக் காட்டியதையும் கேட்டுக்கொண்டார்.

"கேட்டதைப் பிழையில்லாம எழுதணும்னு இருக்கு. எந்த எழுத்துலன்னு போடலை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மார்க் போட்டார். முதலில் சிரித்தவர்களில் ரெண்டு பேர் அன்றைக்குப் பெயில்.

லைசென்ஸ் வந்த அடுத்த பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழா. மாட வீதிக் கூட்டத்தில் ஹாம்கள் நாலு மூலையிலும் நின்றார்கள். நடு இடத்தில் இருந்து எல்லோரையும் பார்த்துக்கொள்கிற கன்ட்ரோல் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மஞ்சள் பாவாடை கட்டிய நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்றைக் காணவில்லை என்று தாய் என்னிடம் ஓடிவந்து அழுதாள். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கோயில் குளத்தின் மேற்கு மூலையிலிருந்து, சப்பரம் எங்கே நிற்கிறது, பானகம் எங்கே நன்றாயிருக்கிறது என்று நீட்டிக்கொண்டிருந்தார்.

மைக்கை அழுத்தினேன். "கன்ட்ரோல் பேசறேன். மேற்கு மூலை, வாயை மூடிக்கினு லைனைக் காலி பண்ணுங்க. கொழந்தையைக் காணோம். ஓவர்."

நாலு மூலையும் கப்சிப். நான் பாவாடை நிறத்திலிருந்து கால் கொலுசு வரை சொன்னேன். ஐந்தே நிமிஷத்தில் வடக்கு மூலையிலிருந்து பாங்க் மாமா கூப்பிட்டார்: "கன்ட்ரோல், கொழந்தை நீர்மோர்ப் பந்தல்ல உக்காந்துண்டிருக்கா. அழலை, ரெண்டாவது டம்ளர் கேக்கறா. ஓவர்."

தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மேற்கு மூலையைக் கூப்பிட்டேன். "இப்ப நீங்க பேசலாம். ஓவர்."

"சரிங்க கன்ட்ரோல்" என்றார் என் வீட்டுக்காரர். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் என்னை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். நாலு மாட வீதியும் கேட்டது.