மாமா வாய் திறக்காத அணிவகுப்பு

2007ஆம் ஆண்டு கடலூரில் நடந்த சுதந்திர தின அணிவகுப்புக்கு மாமாவின் பள்ளியை முதல் முறையாக அழைத்திருந்தார்கள். மாமா என்றால் என் அக்காவின் கணவர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பியதும் பி.எட். முடித்து, குமராட்சிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். வீடு சிதம்பரத்தில். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து மினிபஸ் நின்றுபோன நாட்களிலும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நடந்து, முதல் பீரியடுக்கு வகுப்பில் நிற்பார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் இல்லாததால் அணிவகுப்புப் பயிற்சியையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அழைப்பு வந்த அன்று எனக்குப் போன் செய்தார். குரல் போனைவிட்டு வெளியே குதித்தது.

"மச்சான், நம்ம பொண்ணுங்க கலெக்டர் முன்னாடி நடக்கப் போவுதுங்க! நீ கடலூர்ல தங்க எடம் மட்டும் பாரு. மத்தத நான் பாத்துக்குறேன்."

நான் கடலூரில் அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியில் பேசி, ஒரு கூடத்தையும் முற்றத்தையும் வாங்கி வைத்தேன். ஜூலைக் கடைசி ஞாயிறு பயிற்சியைப் பார்க்கப் போனேன். எல்லோரும் வயல்வேலைக்குப் போகும் வீட்டுப் பெண்பிள்ளைகள். இடது வலது குழம்பியவர்களுக்கு ஒரு காலில் ஓலையும் மறுகாலில் துணிக்கிழிசலும் கட்டிவிட்டிருந்தார் மாமா. "ஓலைக்கால்! சீலைக்கால்!" என்று அவர் குரல் கொடுக்கக் கொடுக்க, தடுமாறிய கால்கள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தன. அடுத்து ராணுவ ஆணைகள். "சாவ்தான்!" என்றார். அத்தனை குதிகால்களும் ஒரே சத்தமாக மோதின. "தேஜ் சல்!" என்றதும் அவர்கள் நடந்த நடையில் வாய்க்கால் ஓரத்து வாத்துகள் சிதறி ஓடின.

ஆகஸ்ட் பதினான்கு, செவ்வாய்க்கிழமை காலை, கடலூர் மைதானத்தில் கடைசி ஒத்திகை. போலீஸ், ஊர்க்காவல் படை, என்.சி.சி., சாரணர் என்று வரிசை வரிசையாக நின்றிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் சாரணர்களுக்கு முன்னால். மாமாவும் நானும் கயிற்றுக்கு வெளியே. அணிவகுப்பை நடத்திய இன்ஸ்பெக்டர் முழங்கினார்.

"பரேட், அட்டென்ஷன்!"

மைதானமே ஒருமுறை அதிர்ந்தது. எங்கள் பிள்ளைகள் மட்டும் அசையவில்லை.

"குயிக் மார்ச்!"

எல்லாப் படைகளும் நகர்ந்தன. எங்கள் பிள்ளைகள் நட்ட கம்பம்போல நின்று மாமாவின் முகத்தையே பார்த்தார்கள். பின்னால் வந்த சாரணர் பையன்கள் அவர்கள் மேல் மோதி, தொப்பிகள் உருண்டன.

இன்ஸ்பெக்டர் விடுவிடுவென்று வந்தார். "என்னா சார், இதுங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்கும் சார்," என்றார் மாமா. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஆர்டருதான் புரியல."

ராணுவத்தில் ஆணைகள் இந்தியில். நம் ஊர்ப் போலீசிலும் என்.சி.சி.யிலும் ஆங்கிலத்தில். இத்தனை வருடம் சீருடை போட்டவருக்கு, ஆணைக்கு இன்னொரு பாஷை உண்டு என்பது தோன்றவே இல்லை.

"நாளைக்குக் காலைல ஒரு தடவ பாப்பேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "சரியா வரலன்னா ஓரமா உக்கார வெச்சிருவேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

அணித்தலைவியான ஒன்பதாம் வகுப்புப் பெண் அழத் தொடங்கினாள். "சார், எங்க அம்மா, அப்பா எல்லாம் நாளைக்கு மொத பஸ்ல வர்றாங்க சார்."

மத்தியானம் மஞ்சக்குப்பம் முற்றத்தில் மறுபடியும் முதலிலிருந்து. ஆனால் மாமாவின் நாக்கு மசியவில்லை. "அட்டென்... சாவ்தான்!" என்றார். "ரைட்... தஹினே முட்!" என்றார். பிள்ளைகள் பின்பாதிக்கு மட்டும் அசைந்தார்கள். அவர் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து புளிச்சோற்றுத் தூக்குகளோடு அக்கா வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தூக்குகளை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னாங்க இது, பாதி அது, பாதி இது? தள்ளுங்க."

"ஒனக்கு என்னாடி தெரியும்?"

"நான் ஸ்கூல்ல என்.சி.சி. சார்ஜன்ட். கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னேன். காதுல வாங்குனாதான?"

"ஜாஸ்தி பேசாத."

"நான் எங்க பேசுறேன்? ஒங்க நாக்குதான் பேசுது. போயி மொத வரிசையில நில்லுங்க. புள்ளைங்க ஒங்களப் பாத்துதான நடக்குதுங்க? பாத்தே கத்துக்கட்டும்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அவர் போய் வரிசையில் நின்றார்.

"அபவுட் டர்ன்!" அக்காவின் குரல் மதில் தாண்டிப் போனது. அர்த்தம் தெரிந்தும் மாமாவின் உடம்பு பழைய ஆணைக்காகக் காத்து நின்றது. பிள்ளைகள் பாதிப்பேர் திரும்பிய பிறகுதான் அவர் திரும்பினார்.

"சார் லேட்டு!" என்று ஒருத்தி கத்தினாள். முற்றமே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். பயம் விட்டது அந்தச் சிரிப்பில்தான். அதற்குப் பிறகு, சாரை முந்த வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் காதைத் தீட்டிக்கொண்டாள். வெயில் சாய்வதற்குள் எந்த ஆணைக்கும் யாரும் தயங்கவில்லை.

சோறு போடும்போது அக்கா சொன்னாள்: "நாளைக்கு மைதானத்துல நீங்க வாயத் தொறக்கக் கூடாது. ஒங்க கொரலு கேட்டா புள்ளைங்க பழைய பாஷைக்குப் போயிரும்ங்க."

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து நான்கைந்து ஆணைகள் கொடுத்துப் பார்த்தார். குதிகால்கள் படபடவென்று பதில் சொல்லின.

"பரவால்லியே, ஒரே நாள்ல காது வந்துருச்சி! போயி எடத்துல நில்லுங்க."

கொடியேற்றம் முடிந்து படைகள் நகர்ந்தன. மாமா கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கயிற்றோரம் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றார். எங்கள் பிள்ளைகள் மேடையை நெருங்கினார்கள். இங்கேதான் எல்லோரும் ஒரே கணத்தில் வலப்பக்கம் தலை திருப்ப வேண்டும். மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். எனக்கு வலித்தது.

அணித்தலைவியின் மெல்லிய குரல் கணீரென்று எழுந்தது.

"ஐஸ் ரைட்!"

அத்தனை ரெட்டைச் சடைகளும் ஒன்றாகச் சுழன்றன! பின்னாலிருந்த கூட்டத்தில், முதல் பஸ்ஸில் வந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். மாமா கடைசி வரிசை மேடையைத் தாண்டும்வரை விறைப்பாக சல்யூட் அடித்தபடி நின்றார். கையை இறக்கியவர் கயிற்றோரமாகவே ஓடத் தொடங்கினார். பதக்கங்கள் மார்பில் குலுங்கின. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓட, நானும் ஓடினேன்.

வெளிவாசலில் பிள்ளைகள் வரிசை கலைந்து அவரை மொய்த்துக்கொண்டார்கள். அணித்தலைவிக்கு மூச்சு வாங்கியது.

"சார், எங்களால பக்கத்துல பாக்க முடியல சார். எல்லாருக்கும் தல திரும்புச்சா?"

"எல்லாருக்கும்மா," என்றார் மாமா. "எல்லாருக்கும்!"