ஜெமீலின் முன்பல்

ஜெமீல் சிரித்து எத்தாளை ஊரில் யாரும் பார்த்ததில்லை. நாற்பத்தொரு வயது வரைக்கும் அவர் வாய் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்துக் கடையைப் போலப் பூட்டியே கிடந்தது. ஊர் அதற்குத் தன் பாட்டில் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டது. மனிதர் ஆழமானவர் என்றார்கள். வேலிச் சண்டை, மாட்டுச் சண்டை எதுவென்றாலும் இரண்டு பக்கத்தாரும் அவரிடம்தான் வந்து முறையிட்டார்கள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டுவார். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் ஒரு கதிரை கிடைத்தது. வாய் திறக்காத ஆளைவிட நிர்வாகத்துக்குத் தோதானவர் வேறு யார்?

உண்மையில் ஆழமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேல் முன்பல்லில் ஒரு பள்ளம் இருந்தது, அவ்வளவுதான். ஜெமீலின் தொழில் வலை கட்டுவது. படகு வைத்திருக்கும் சம்மாட்டிமார் கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். ஜெமீல் வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஓட்டைகளைக் கண் கண்ணாக முடிந்து அடைப்பார். இரண்டு கையும் முடிச்சில் இருக்கும்போது தங்கூசி என்கிற நைலோன் நூலை அறுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பல்தான். பத்தொன்பது வயதிலிருந்து அதே பல், அதே இடம், நாளைக்கு நூறு தடவை. அந்தப் பல் எலி கடித்த தேங்காய்ச் சொட்டு மாதிரி ஆகிவிட்டது. சிரித்தால் தெரியும். ஆகவே அவர் சிரிக்கவில்லை.

ஊர்ச் சண்டைக்கு அந்த முகம் போதும். கலியாணத்துக்குப் போதவில்லை. மூன்று இடத்திலிருந்து பெண்வீட்டார் மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள், பார்த்தார்கள், தேத்தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். மூன்று இடத்திலிருந்தும் ஒரே பதில்தான் வந்தது: மாப்பிள்ளைக்குப் பெருமை அதிகம் போல. ஜெமீலுக்கு அது நெஞ்சில் சுட்டது. தனியாகச் சோறாக்கி, தனியாகத் தின்று, தனியாகக் கோப்பை கழுவி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. சோற்றுக்கு முன்னால் இருந்து யாரோடாவது கதைக்க வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

நான்காவது கலியாணக் கதை முந்தல் ஊரிலிருந்து வந்தது. பெண்ணின் பெயர் றுஷ்னா. முப்பத்தாறு வயது. இறால் பண்ணை ஒன்றின் அலுவலகத்தில் வேலை. முதல் கணவனிடமிருந்து தலாக் ஆனவள். பெண்ணை நேரில் பார்க்க மாப்பிள்ளை வரலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜெமீலுக்கு மூத்தவளான ராத்தா ரம்ஸியா, அடுத்த தெருவிலிருந்து புறப்பட்டு வந்து வாசலிலேயே நின்று சொன்னாள்.

"இந்த முறையும் இஞ்சி தின்ட மூஞ்சியோட இருந்தியெண்டா, நான் இனி ஒனக்குப் பொண்ணு பாக்க மாட்டன். சிலாபத்தில பல்லுக்கு ஒட்டுப் போடுற டொக்டரொண்டு ஈக்கி. போயிட்டு வா."

போனார். பவுலினா என்ற அந்த டொக்டர், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வலை வேலையா?" என்று கேட்டார். ஊரே இத்தனை வருஷம் கண்டுபிடிக்காததை அந்த அம்மா ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். பல்லின் நிறத்திலேயே ஒரு பசையைப் பள்ளத்தில் வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுகச் செய்து, தேய்த்து மினுக்கி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெமீல் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்தது வேறு யாரோ என்று நினைத்து ஒரு தடவை திரும்பியும் பார்த்தார். பிறகு கண் கலங்கிவிட்டது.

"சாப்பாடு எல்லாம் சாப்பிடலாம். நூல் மட்டும் கடிக்க வேணாம். கடிச்சா ஒடைஞ்சிடும்," என்றார் டொக்டர்.

"கடிக்க மாட்டன் டொக்டர்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஜெமீலின் வாயை மூடவும் இனி ஒன்றும் இல்லை. பஸ் கொண்டக்டருக்குச் சிரித்தார், மீன்காரனுக்குச் சிரித்தார், குறுக்கே போன மாட்டுக்கும் சிரித்தார். மரணம் நடந்த ஒரு ஜனாஸா வீட்டில் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்து வைத்தார். ரம்ஸியா பின்னால் வந்து இடுப்பில் கிள்ளினாள்.

"மையத்து வீட்டில பல்லக் காட்டிட்டு நிக்கிறாய். கலியாண வீடெண்டு நெனச்சியா?"

வேலிச் சண்டைக்காரர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். தங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிற ஆளிடம் எவன் நியாயம் கேட்பான்? ஜெமீலுக்கு அதில் கவலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முந்தலுக்குப் போக வேண்டும்.

போனார்கள். றுஷ்னாவின் வாப்பா மஸாஹிர் ஹாஜியார் ஜெமீலுக்கும் ரம்ஸியாவுக்கும் எதிரே இருந்தார். பக்கத்துக் கதிரையில் றுஷ்னா, நிமிர்ந்து, நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். ஜெமீல் ஸலாம் சொல்லும்போது சிரித்தார். வட்டிலப்பம் வந்தபோது சிரித்தார். றுஷ்னாவின் உம்மா மௌத்தாகி, அடக்கி ஆறு வருஷம் என்று ஹாஜியார் சொன்னபோதும் அந்தச் சிரிப்பை நேரத்துக்கு மடக்க முடியவில்லை. ஹாஜியாரின் முகம் கறுத்தது.

"எப்பவும் இப்பிடித்தானா தம்பி? சிரிச்சிட்டே?"

"ஓம் ஹாஜியார். நல்ல முகராசி," என்று ரம்ஸியா முந்திக்கொண்டாள்.

"முந்தின மருமகனும் நல்ல முகராசிதான். சிரிச்சிட்டே கட்டாருக்குப் போனாரு. அங்க இன்னொரு கலியாணத்த முடிச்சிட்டு, சிரிச்ச போட்டோவும் அனுப்பினாரு."

 றுஷ்னா நிலத்தைப் பார்த்தாள். நாலாவதும் போச்சு என்று ஜெமீலுக்கு விளங்கிவிட்டது. சிரிக்காமல் மூன்று போனது, சிரித்து ஒன்று போனது. இனி எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

அங்கே ஆணியில் ஒரு வீச்சுவலை தொங்கியது. களப்புத் தண்ணீரில் பொழுதுபோக்குக்கு வீசுகிற வலை. நடுவில் பெரிய கிழியல். அதை யாரோ சாக்குமூட்டை கட்டுவது போலக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"இத யாரு முடிஞ்ச?" என்றார் ஜெமீல். சிரிப்பு எங்கே போனது என்று அவருக்கே தெரியாது.

"நான்தான்," என்றார் ஹாஜியார்.

"இப்பிடியா முடியிற? மீன் ஒங்களப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகும்."

ரம்ஸியா தலையில் கை வைத்தாள். ஜெமீல் எழும்பி வலையைக் கழற்றினார். நூலும் வலை ஊசியும் கேட்டு வாங்கி, நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, பெருவிரலில் மாட்டி இழுத்தார். கை வேலை செய்ய வாய் தானாகத் திறந்தது. எந்தக் கண்ணுக்கு எந்த முடிச்சு, எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்று சொல்லிக்கொண்டே போனார். ஹாஜியார் கதிரையை விட்டு இறங்கிப் பக்கத்தில் வந்து குந்தினார். ஒரு வீட்டில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் ஜெமீல் கதைத்தது அதுதான் முதல் தடவை. கடைசி முடிச்சு அழகாக விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் குனிந்து நூலைக் கடித்தார்.

டக்கென்று ஒரு சத்தம். என்னவோ தெறித்து றுஷ்னாவின் காலடிக்கு உருண்டது. அவள் குனிந்து எடுத்தாள். குருணல் அரிசி அளவு இருந்தது.

"இது என்ன?"

ஜெமீல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கைய எடுங்க. பாப்பம்."

எடுத்தார். பழைய பள்ளம் அப்படியே இருந்தது.

"போன கிழமதான் வெச்ச. ஒங்களுக்குக் காட்டத்தான். நூல் கடிக்க வாணாம் எண்டு டொக்டர் சொன்ன."

"பொறகு ஏன் கடிச்ச?"

"முடிச்சு நல்லா வந்திச்சு. மறந்திட்டன்," என்றார். சொல்லி முடிக்குமுன் தன்னை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம் கெட்டு, தோள் குலுங்க, பள்ளம் தெரியத் தெரியச் சிரித்தார். ஹாஜியாரும் சிரித்தார். ரம்ஸியா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

றுஷ்னா சிரிக்கவில்லை. கையில் இருந்த துண்டையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாப்பா, முந்தினவரு ஒளிச்சதெல்லாம் கட்டாருக்குப் போன பொறகுதான் தெரிஞ்ச. இவருக்கு ஒளிக்க ஒரு பல்லுத்தான் ஈந்திச்சு. அதும் நிக்காஹ்வுக்கு முந்தியே கையில வந்திட்டு. கலியாணத்துக்கு நாள வைங்க."