வேலைக்காரன் வேடம்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஒரு பழைய நாடக அரங்கில் துப்புரவு வேலை செய்தேன். அதன் சுவரில் ஓர் ஐரிஷ் நடிகரின் படம் தொங்கியது. நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மேடைகளில் பேரெடுத்தவராம். ஆயுள் முழுக்கக் குடிகார ஐரிஷ் வேலைக்காரனாக நடித்தவர் என்று கீழே எழுதியிருந்தது. தன் சனத்தின் பேச்சையே நெளித்துக் காட்டிப் பிழைத்திருக்கிறார். மானங்கெட்டவன் என்று திட்டிக்கொண்டுதான் அந்தக் கண்ணாடியைத் துடைப்பேன்.

ஒரு வருடம் நகரின் அஜின்கோர்ட் பகுதியில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் போட்ட நாடகத்தில் எனக்கும் வேலைக்காரன் வேடம். யாழ்ப்பாணத்து மேடையில் வேலைக்காரன் என்றால் தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழ்தான் பேசுவான். பழகிய வழக்கம், நான் யோசிக்கவேயில்லை. "வாங்க தொரை" என்று கூனிக் குறுகினேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

என்னோடு அரங்கில் துப்புரவு வேலை செய்த, மலையகத்துப் பதுளைக்காரரை நான்தான் நாடகம் பார்க்கக் கூப்பிட்டிருந்தேன். ரொறன்ரோவில் எனக்கு இருந்த ஒரே நண்பர் அவர். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"எங்கப்பா தோட்டத்துலதாண்ணே வேலை செஞ்சாரு. யாரு முன்னாடியும் இப்படிக் குனிஞ்சதில்ல" என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை பக்கத்து நகரான பிறம்ரனில் அதே நாடகம். இந்தப் பேச்சு வேண்டாம் என்று நெறியாளரிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? சனம் சிரிக்கிறதே உதுக்குத்தான்."

நான் நடிக்கப் போகவில்லை. ஐரிஷ்காரர் விற்றது தன் சொந்தப் பேச்சை. நான் விற்றது நண்பருடையதை. அந்த நடிகரைத் திட்ட எனக்கு என்ன தகுதி?

நாடகத்தை விட்டுவிட்டேன் என்று நண்பரிடம் சொன்னேன். "சரிண்ணே" என்றார். தேநீர் வேளையில் வேறு மேசையில்தான் போய் இருந்தார்.