ஆறு நிமிட நடை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு நடை அக்கா என்றுதான் பெயர். நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர்களை எழுப்பி நடக்க வைப்பது அவள் வேலை. எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவரிடம் போய், "எழுந்திரிங்க மாமா, உங்களச் சுமந்து சுமந்து கட்டிலுக்கு இடுப்பு விட்டுப்போச்சு" என்பாள். மனிதர் சிரித்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்துவிடுவார். வாயால் பிழைத்தவள். அந்த வாய்க்குத்தான் பூட்டு வந்தது.

பூட்டியவர் டாக்டரம்மா. இதய வால்வை மாற்ற நெஞ்செலும்பை நடுவில் பிளப்பது பழைய முறை. விலா எலும்புகளுக்கு இடையில் சின்னதாகக் கீறி உள்ளே போவது புது முறை. எது மேல் என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி நடந்தது. யாருக்கு எந்த முறை என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லும். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவரும் ஆறு நிமிடம் நடக்க வேண்டும், தூரத்தை அளப்பார்கள். குறித்த தூரத்தை எட்டாதவர்களை ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். எட்டியவர் மூட்டை கட்டலாம்.

அந்த நடையை நடத்துவது இவள். நடக்கிறவரிடம், கையில் கொடுத்த அட்டையில் இருக்கிற வாக்கியங்களைத் தவிர ஒரு சொல் பேசக்கூடாது, கூட நடக்கவும் கூடாது. "நல்லா நடக்கறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." எல்லோருக்கும் ஒரே குரலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

"நீங்க உசுப்பிவிட்டா இன்னும் கொஞ்ச தூரம் நடப்பாங்கதான். ஆனா அது அவங்க நெஞ்சோட பலம் இல்ல, உங்க வாயோட பலம்" என்றார் டாக்டரம்மா.

"என் வாய்க்கு அவ்வளவு பலம் இருந்தா என் வீட்டுக்காரர் என்னைக்கோ வேலைக்குப் போயிருப்பாரே" என்றாள் இவள். ஆனாலும் பழகிக்கொண்டாள். இரண்டு வருடம் அட்டையை விட்டு ஓர் எழுத்து தாண்டவில்லை.

அப்புறம் வால்வு மாற்ற அவள் தம்பியே வந்து படுத்தான். லிஃப்ட் மெக்கானிக். அம்மா போனபின் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். கம்ப்யூட்டர் அவனுக்குப் பழைய முறையைக் கொடுத்தது. "அந்தப் பொட்டிக்கு நம்ம குடும்பத்து மேல என்னடா பகை?" என்று முணுமுணுத்தாள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் இறந்துபோன பிறகு அவனுக்கு அந்த வார்டில் கண் மூட முடியவில்லை.

"அக்கா, எப்படியாவது என்னை வீட்டுக்கு அனுப்பிடு. இங்கயே கிடந்தா நானும் போயிடுவேன்."

நடை நாளன்று டாக்டரம்மா கேட்டார்: "உங்க தம்பியாச்சே, வேற யாராவது நடத்தட்டுமா?"

"அவனும் எனக்குப் பேஷன்ட்தான் டாக்டரம்மா." பிடிவாதத்தில் அவளை யாரும் அசைத்ததில்லை.

பாதி நேரம் போவதற்குள் அவன் நடை தளர்ந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. அதற்கும் அட்டையில் வாக்கியம் உண்டு: "வேணும்னா செவுத்துல சாஞ்சுக்கலாம். முடியும்போது மறுபடி நடங்க." அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். வராந்தாவில் யாரும் இல்லை.

"டேய், என்னடா பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி நடக்கற? இதுல தோத்தா இன்னும் ஒரு வாரம் இங்கதான். வாடா, என் கையைப் பார்த்துக்கிட்டே வா."

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, அவனுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தாள். குழந்தையில் அவனுக்கு நடை பழக்கியதும் அப்படித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, மூச்சிரைத்துக்கொண்டே வந்தான். குறித்த தூரத்தை மயிரிழையில் எட்டினான். ஸ்கேன் இல்லாமல் அன்றே வீட்டுக்குப் போனான்.

அந்த வாரமே ஆம்புலன்ஸில் திரும்பி வந்தான். இதயத்தைச் சுற்றி நீர் கட்டி அதை நெருக்கியிருந்தது. நெஞ்சை மறுபடி திறந்தார்கள். நடுவில் இதயம் கொஞ்ச நேரம் நின்றே போனது. உயிர் தங்கியது. தெம்பு தங்கவில்லை.

யாரும் கேட்காமலே அவள் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருந்தா நீர் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம்" என்றார்.

தெரிந்திருக்கும் என்றால் அழுது தீர்க்கலாம், தெரிந்திருக்காது என்றால் தூங்கலாம். அவளுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. அந்த நடையை ஆராய்ச்சியிலிருந்து அடித்துவிட்டார்கள். தம்பி உடம்பிலிருந்து அதை யார் அடிப்பது?

ஒரு வருடம் கழித்து எல்லோரும் மறுபடி வந்து நடக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியின் விதி. தம்பியும் வந்தான். கம்பி பிடித்து மாடி மாடியாக ஏறினவன், இப்போது லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அழுத்துகிறான். அக்கா வீட்டுப் பக்கம் அவன் எட்டிப் பார்ப்பதில்லை.

டாக்டரம்மா வேறு ஆளை ஏற்பாடு செய்திருந்தார். அவன் ஒப்பவில்லை.

"எங்கக்காவே நடத்தட்டும். பார்க்கட்டும்."

டாக்டரம்மா பக்கத்தில் நின்றார். அவன் நடந்தான். இவள் வராந்தாவின் முனையில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நல்லா நடக்கறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

"யாரை 'நீங்க'ங்கற?" என்றான் நிற்காமலே. கொஞ்ச தூரத்தில் அவனால் முடியவில்லை, நின்றான்.

"வேணும்னா செவுத்துல சாஞ்சுக்கலாம். முடியும்போது மறுபடி நடங்க."

அவன் சாய்ந்தான். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆனது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "இதை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமேக்கா."

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நடக்கறீங்க" என்றாள் நடை அக்கா, சுவரில் சாய்ந்து நிற்கிறவனிடம். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."