செய்டோகுவின் பல்லும் பழைய பேஸும்

என் வீட்டுக்காரர் செய்டோகு மேடை ஏறாத இசைக் கிளப் எங்கள் ஊரான கோசாவில் கிடையாது. ஆனாலும் அவர் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பேஸ் கிதார் வாசிக்கிறவர்களின் தலையெழுத்து அது. பாடுகிறவனுக்குக் கைதட்டல், இவருக்கு முதுகுவலி.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே பேஸ்தான். எங்கள் ஊரை ஒட்டிய ராணுவ விமானத்தளத்துச் சிப்பாய் ஒருவன் ஊர் திரும்பும்போது இவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. தூக்கினால் தோள் இறங்கிவிடும். வார்னிஷ் உரிந்து, முழங்கை படும் இடத்தில் வெறும் கட்டை தெரியும். கம்பியைத் தட்டினால் 'தும்' என்று வந்து உடனே அடங்கிவிடும். காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடும்.

இவருக்கு அறுபது ஆனபோது எங்கள் மகள் நாஹா நகரத்திலிருந்து புது பேஸ் வாங்கிவந்தாள். அறுபது ஆனவருக்குச் சிவப்பில்தான் பரிசு கொடுப்பது எங்கள் வழக்கம், அதனால் மிளகாய்ச் சிவப்பு. கனமே இல்லை. ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்த தட்டு மாதிரி பளிச்சென்று கேட்கும், விரலை எடுக்கிறவரை நிற்கும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தப்புப் பண்ணா பழசு மூடி மறைக்கும். இது ஊருக்கே சொல்லிடும்."

"அப்ப தப்புப் பண்ணாதீங்க."

தோள்வலிக்கு இதுதான் தேவலை என்று பழசைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டார்.

எங்கள் ஊரில் தலைக்கு மேல் போர் விமானம் போனால் பக்கத்தில் இருப்பவர் கத்துவதுகூடக் கேட்காது. அந்தச் சனியன்களை நான் திட்டாத நாளில்லை. அந்த நேரத்தில் சுருதி சேர்க்க வேண்டுமென்றால் பேஸ்காரர்கள் குனிந்து கிதாரின் உடம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அதிர்வு எலும்பு வழியாகக் காதுக்குப் போய்விடும். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பாகற்காய் நறுக்கிக்கொண்டே எட்டிப்பார்த்தேன். வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. இவர் சிவப்பு பேஸைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்தியை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

"என்னங்க பண்றீங்க?"

"அடிக்கம்பி கரகரங்குது, மித்சுயோ. சத்தம் நாளுக்கு நாள் தூரமாப் போகுது. எனக்கும் அண்ணன் வழிதான் போல."

இவருடைய அண்ணன் டிரம்பெட் வாசித்தவர், காது போய்விட்டது. நாங்கள் எதற்காவது சிரித்தால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் கழித்து அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"பழசை எடுத்து வாசிச்சுப் பார்த்தீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"அதுலயும் கேக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

டிரம்ஸ் வாசிக்கும் அரகாகிக்குப் போன் போட்டேன். வாயில் சோற்றோடு ஓடிவந்தான். சிவப்பு பேஸைப் பார்த்தான், அதிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் கேபிளைப் பார்த்தான்.

"இதை எப்பக் கழட்டின?"

"எதுக்குக் கழட்டணும்? பழசுல எப்பவும் சொருகியேதான இருந்துச்சு."

"அட மடையா! பழசுல இருந்தது வெறும் கம்பியும் காந்தமும். இதுக்குள்ள பேட்டரி இருக்குடா. சொருகியே வச்சா ராவும் பகலும் அதைத் தின்னுக்கிட்டே இருக்கும்!"

பின்பக்க மூடியைத் திறந்து தன் பையிலிருந்த பேட்டரியைப் போட்டான். செய்டோகு அடிக்கம்பியைத் தட்டினார். அலமாரியில் அவாமோரிச் சாராயம் குடிக்கிற கிளாஸெல்லாம் கலகலவென்று ஆடின.

"கேட்டீங்களா அண்ணி! பேட்டரி செத்ததுக்கு இவன் தன் காதுக்குக் கருமாதி பண்ணப் பார்த்தான்!"

அப்பாடா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவரும் சிரித்தார். ஆனால் கம்பியைத் தட்டியதும் முதலில் எங்கள் முகங்களைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் சிரித்தார்.

அரகாகி போனதும் ஸ்டூல் போட்டு ஏறிப் பழைய பேஸை இறக்கி, கேபிளைச் சொருகினேன்.

"இதுல பேட்டரி கிடையாது. வாசிங்க."

"இன்னொரு நாள் பார்க்கலாமே."

"வாசிங்கன்னா வாசிங்க!"

தட்டினார். அதிர்வு பாய் வழியாக என் உள்ளங்காலுக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு. உங்களுக்கு?"

குனிந்து, வார்னிஷ் போன கொம்பைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினார். "இங்க இருக்கு," என்றார், பல்லை எடுக்காமலே.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா காது டாக்டர்கிட்டப் போறோம்," என்றேன். தலையை ஆட்டினார், கட்டையை விடவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு விமானமாவது வந்து தொலையக் கூடாதா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வேண்டிக்கொண்டேன்.