தனக்கென்று கட்டாத குழை

அடியார்களே, இது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் நடந்தது. காலையில் காட்டுக்குப் போன என் கணவர் இருட்டியும் வரவில்லை. அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. வன்னியில், முள்ளியவளைக்கு அப்பால், காட்டோரக் குடியேற்றத்தில் எங்கள் வீடு. கரடி திரிகிற காடு. அதைவிட, காட்டுக்குள் தனியே நடக்கிற ஆளை எல்லோரும் சந்தேகப்படுகிற போர்க்காலம். பிடித்திருப்பார்களா, சுட்டிருப்பார்களா என்று வாசலிலேயே நின்றேன்.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. மறைத்து என்ன பயன்? கலியாணம் செய்த நாளிலிருந்து இந்த மனிதருக்கு வயல் விட்டால் காடு, காடு விட்டால் குளம். தேன் கொண்டுவருவார், பாலைப்பழம் கொண்டுவருவார். பிள்ளைகள் சாப்பிட்ட பிறகுதான் தான் வாயில் வைப்பார். எல்லாம் சரி. ஆனால் வீட்டில் இருப்புக்கொள்ளாத மனிதருக்கு வெளியில் ஏதோ இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையகத்திலிருந்து வந்து பக்கத்துக் காணியில் இருந்த மாரிமுத்து அவருடைய கூட்டாளி. அவரிடம் கேட்டேன்.

“ஐயா குளத்துப் பக்கம் போறேன்னுதாங்க சொன்னாரு” என்றார்.

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அது போதும். விடிந்ததும் ஊராட்களும் மாரிமுத்துவுமாகக் குளத்துப் பக்கம் தேடிப் போனார்கள். மாரிமுத்து எதையோ மறைக்கிறார் என்று எண்ணி, நான் மற்றப் பாதையில் தனியே போனேன்.

அந்தப் பாதை காட்டுக்குள் நுழையும் இடத்தில், மரத்தடியில் ஒரு பிள்ளையார் கல். காட்டுக்குப் போகிறவர்கள் காவல் கேட்டு ஆளுக்கொரு குழை, அதாவது இலையோடு ஒரு சிறு கிளை, முறித்து அங்கே வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று முழுதாக வாடாத நாலு குழைகள் ஒன்றாகக் கட்டியபடி கொப்பில் தொங்கின. கட்டியிருந்தது என் பழைய பச்சைச் சேலையின் கரை. அந்தச் சேலையை ஆருக்குக் கொடுத்தீர்கள் என்று அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். கீழே காய்ந்த குழைகள் குவிந்து கிடந்தன. அவற்றிலும் அதே பச்சைக் கரை. எல்லாம் நாலு நாலாக.

போனது ஒரு ஆள். நாலு குழை யாருக்கு? அந்த நேரத்திலும் நான் சந்தேகத்தோடுதான் எண்ணினேன். மூன்று பிள்ளைகள். நான். அவ்வளவுதான். தனக்கென்று அவர் ஒன்றும் கட்டவில்லை.

அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். பிறகு ஒரு குழை முறித்துக் கல்லில் வைத்தேன்.

“பிள்ளையாரப்பா, அந்த மனுசன் தனக்கெண்டு உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. நான் கேக்கிறன். ஆளைத் தா.”

எழும்பிக் காட்டைப் பார்த்து, “இஞ்சேருங்கோ” என்று கத்தினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது, தூரத்தில் மெலிந்த குரலில் “ஓம்” என்று கேட்டது.

குளத்துக்கென்று வெளிக்கிட்டவர், தேனைத் தேடி வழி மாறியிருக்கிறார். மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தார். மாரிமுத்து சொன்னது உண்மைதான். கூட்டாளியை நினைத்துக் கண் கலங்கியதால்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஆள் விட்டுக் கூப்பிட, குளத்துப் பக்கமிருந்து ஓடிவந்து அவரைத் தோளில் சுமந்ததும் மாரிமுத்துதான்.

பரியாரியார் காலுக்குப் பத்துப் போட்டுக் கட்டிவிட்டுப் போன பிறகு கேட்டேன்.

“உங்களுக்கு ஏனப்பா ஒரு குழை கட்டேல்லை?”

“எல்லாத்தையும் கேட்டால் பிள்ளையாருக்கும் அலுத்துப்போகுமெல்லே” என்றார்.

அதன் பிறகு எட்டு வருடம் இருந்தார். கம்பு ஊன்றியபடி காட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். முன்பென்றால் அவரைக் கண்காணிக்கப் போயிருப்பேன். இப்போது அவரோடு நடக்கிற ஆசையில் போனேன். போன மாதம், எழுபத்தாறு வயதில், பிள்ளைகள் சுற்றியிருக்கக் கண்ணை மூடினார்.

அடியார்களே, நான் எதையும் இலேசில் நம்புகிறவள் அல்ல. என்னைப் போன்றவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். நம்பிக்கை வரட்டும், பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்க வேண்டாம். சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டே போங்கள். நான் அப்படித்தான் போனேன். பிள்ளையார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் மனிதரைத் தந்தார்.