மகளின் குரலில் ஓதிய ஆங்கிலம்

பதவி உயர்வு வந்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே மேலாளர் கேட்டார்.

"வாழ்த்துகள் மேடம். மாஹேவா, ஏனாமா?"

நீட்டிய தட்டோடு என் கை அப்படியே நின்றுவிட்டது.

காரைக்காலில் அரசு வேலை பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வியின் பொருள் தெரியும். எங்கள் அரசாங்கம் நான்கு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ். கேரளக் கரையில் இருக்கும் மாஹேயில் மலையாளம். கோதாவரி ஓரத்து ஏனாமில் தெலுங்கு. பதவி உயர்ந்தவர்கள் மாஹேக்கோ ஏனாமுக்கோ போய் ஒரு காலம் இருந்துவிட்டு வருவது எங்கள் மீன்வளத் துறையில் வழக்கமாகிவிட்டது. போக முடியாது என்றால் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் அதே நாற்காலியில் ஓய்வு பெற்றதை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் அப்போது பிளஸ் டூ. அவள் வாப்பா கத்தாரில் இருக்கிறார். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். பரீட்சை நடக்கும் வருஷத்தில் அவளை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

வழி சொன்னவரும் அதே மேலாளர்தான். கருவாடு காயவைக்கும் பெண்களுக்காக நான் தயாரித்திருந்த ஒரு திட்டம் புதுச்சேரியில் டைரக்டர் மேசைக்குப் போயிருந்தது. எங்கள் காரைக்கால் பக்கத்து மண்டபத்தூரில் பெண்கள் மீனைக் கடற்கரை மணலிலேயே பரப்பிக் காயவைக்கிறார்கள். கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலையைக் கட்டி, அந்தப் பரணில் காயவைத்தால் மணல் ஒட்டாது, நாய் வாய் வைக்காது. அவ்வளவுதான் திட்டம். முதலில் ஒரே ஒரு பகுதியில் செய்துபார்ப்பதாக முடிவாகியிருந்தது.

"நாலு ஊர் ஆளையும் வச்சு மீட்டிங் போடறாங்க. நீங்க போய் விளக்கணும். காரைக்காலுக்குக் கிடைச்சுதுன்னு வைங்க, ஆரம்பிச்ச ஆள முடியிற வரைக்கும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க. நல்லாப் பேசிட்டு வாங்க மேடம். இங்கிலீஷ்லதான்."

அவர் அந்தக் கடைசி வார்த்தையைச் சாதாரணமாகத்தான் சொன்னார். தமிழும் மலையாளமும் தெலுங்கும் ஒரே மேசைக்கு வந்தால் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சுவது இங்கிலீஷ்தானே.

நான் படித்தவள்தான். பட்டப்படிப்பை இங்கிலீஷில் எழுதித் தேறியவள். கோப்புகளில் தினமும் இங்கிலீஷில்தான் குறிப்பு எழுதுகிறேன். ஆனால் அந்த வாக்கியங்களில் ஒன்றுகூட என்னுடையதில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் விட்டுப் போனவை. வாயைத் திறந்து நாலு பேர் முன்னால் பேசியதில்லை. வங்கியில் யாராவது இங்கிலீஷில் கேட்டால் சிரித்தே சமாளித்துவிடுவேன்.

நான் செய்த ஸ்லைடுகளை மகளிடம் காட்டினேன். லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தாள்.

"உம்மா, இது என்ன கல்யாணப் பத்திரிகையா? இவ்வளவு எழுத்து!"

"எல்லாமே முக்கியம்டி."

"எல்லாத்தையும் அங்கயே எழுதிட்டா நீங்க எதுக்கு? பேப்பரைக் கையில குடுத்துட்டு வந்துடுங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியும்ல?"

சொல்லிக்கொண்டே வரிவரியாக அழித்தாள். ஒவ்வொரு வரி மறையும்போதும் என் முந்தானையை யாரோ இழுப்பதுபோல் இருந்தது. மண்டபத்தூரில் நான் எடுத்த ஒரு படத்தைத் திரை முழுக்கப் போட்டாள். மணலோடு கிடக்கும் நெத்திலி. மேலே ஒரே ஒரு வார்த்தை, மணல் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை.

"இதப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

தெரிந்ததுதான். தமிழில் கேட்டால் பொழுது சாயும்வரை சொல்லுவேன். இங்கிலீஷில் அந்த ரெண்டு வார்த்தை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அவளையே எழுதச் சொன்னேன். எழுதியதை என் போனில் அவள் குரலிலேயே பேசிப் பதிவு செய்யவும் சொன்னேன். முனகிக்கொண்டே செய்தாள். முழுவதையும் ஒரே மூச்சில் பேசி, தாங்க்யூ சொல்லி முடித்து, பதிவை நிறுத்துவதற்குள், "அவ்வளவுதான் உம்மா. பசிக்குது, என்ன இருக்கு?" என்று கேட்டாள். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அழிக்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து காதில் அவள் குரல்தான். சோறு வடிக்கும்போது, ஸ்கூட்டியில் போகும்போது, துவைக்கும்போது. அவள் ஒரு வரி சொல்ல, நான் அதையே திருப்பிச் சொல்வேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் ஓதிக்கொடுக்கும், நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் அக்காவிடம் குர்ஆன் ஓதியதும் இப்படித்தான். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்து, லாத்தா சொன்ன ஓசையை அதே ஓசையில் திருப்பிச் சொல்வோம். அரபுப் பொருள் தெரியாது. ஓசை பிசகக் கூடாது, அதுதான் கணக்கு. அப்படி மனதில் ஏறியது இன்றுவரை ஒரு எழுத்துத் தப்பவில்லை. இங்கிலீஷையும் அதே வழியில் ஏற்றிவிட்டால் யார் என்னை அசைக்க முடியும் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் ஒத்திகை. கொடியில் காய்ந்த துணிகளைத்தான் மகள் அதிகாரிகளாக உட்காரவைத்தாள்.

"அந்தச் சிவப்புச் சுடிதார் டைரக்டர். டர்க்கி டவல் மாஹே. பூப்போட்ட பெட்ஷீட் ஏனாம். தரையைப் பாக்காம அவங்களைப் பாத்துப் பேசுங்க."

பேசினேன். முதலிலிருந்து கடைசிவரை தங்குதடையில்லாமல் வந்தது. அவள் கைதட்டுவாள் என்று பார்த்தேன். நெற்றியைச் சுருக்கினாள்.

"மனப்பாடம் பண்ணிட்டீங்களா?"

"நல்லா வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா ஆடறீங்க உம்மா. முன்னாடியும் பின்னாடியும். நடுவுல யாராவது கேள்வி கேட்டா என்ன பண்ணுவீங்க?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

"கடைசில கேளுங்கன்னு சொல்லுவேன்."

"நீங்களா? டைரக்டர்கிட்டயா?" என்று பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிக்கவில்லை.

கூட்டம் நடந்த அறையை இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது. திரை தெரியவேண்டும் என்பதற்காக ஜன்னல் துணிகளை இழுத்து மூடியிருந்தார்கள். ஏசி ஓட, கதவையும் சாத்திவிட்டார்கள். நீள மேசை. அதன் கோடியில் டைரக்டர். ஒரு பக்கம் மாஹே அதிகாரி, இளைஞர், பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எதிரில் ஏனாம் அதிகாரி, ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மையார். பூப்போட்ட புடவை. பெட்ஷீட் ஞாபகம் வந்து ஒரு நொடி தைரியமாகக்கூட இருந்தது.

என் முறை வந்தது. எழுந்து நின்று, "ரெஸ்பெக்டெட் டைரக்டர் சார்" என்று தொடங்கினேன். குரல் என்னுடையது, ஏற்ற இறக்கம் என் மகளுடையது. இரண்டாவது ஸ்லைடு போனது. அப்போது டைரக்டர் கையை லேசாக உயர்த்தினார். கடுகடுப்பாக ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான். முன்னுரையைக் கோப்பிலேயே படித்துவிட்டேன், நேரே பரணுக்கு வாருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார்.

பரண் ஆறாவது ஸ்லைடு. பொத்தானை அழுத்தி, மணல் படத்தைத் தாண்டி, பரண் படத்துக்குப் போய்விட்டேன். பேச்சு வரவில்லை. அந்த இடத்தின் முதல் வார்த்தை என்ன? தெரியாது. அதற்கு முந்திய வரி முடிந்தால்தான் அடுத்த வரி வரும். முந்திய வரிக்கு அதற்கு முந்தியது வேண்டும். குர்ஆனின் நீளமான ஒரு சூராவின் நடுவில் விரலை வைத்து இங்கிருந்து ஓது என்றால், சின்ன வயதில் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். வாய்க்குள் முதலிலிருந்து தொடங்கினேன். அந்த இடத்தைப் பிடித்துவிடலாம் என்று ரெஸ்பெக்டெட் டைரக்டர் சாரிலிருந்து ஓட்டமாக ஓடினேன். உதடு அசைவது எனக்கே தெரிந்தது. உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியதும் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. பேனா சத்தம் நின்றுபோனது. மூடிய கதவைப் பார்த்தேன். அதற்கும் எனக்கும் நடுவில் அத்தனை நாற்காலிகள்.

மகள் தனியாகப் பரீட்சைக்குக் கிளம்புவதுபோல் ஒரு காட்சி மனதில் ஓடியது. பாதியில் வந்துகொண்டிருந்த வரியும் அறுந்தது.

அப்போதுதான் ஏனாம் அம்மையார் பேசினார். அவர் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. "மேடம், ஸாண்ட்... வாட் ப்ராப்ளம்?" என்று கேட்டுவிட்டு, மேசைமேல் கையால் எதையோ பரப்பிக் காட்டினார்.

மணலில் என்ன கஷ்டம்? யாரும் எழுதிக் கொடுக்காத கேள்வி. நான் பல்லைக் கடித்துக் காட்டினேன்.

"ஈட்டிங் டைம், மேடம். கறக், கறக். கஸ்டமர் ஆங்க்ரி. லேடீஸ் வாஷ் அகெய்ன். தென் ஸ்மெல்."

மாஹே அதிகாரி சத்தமாகச் சிரித்தார். டைரக்டரும் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரித்ததாகப் படவில்லை. அவர்களும் அந்த மணலைக் கடித்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மணல், உங்கள் ஊரில் என்ன என்று அம்மையாரைத் திருப்பிக் கேட்டேன். "மட், மேடம். ரிவர் மட்" என்றார். சேறு மணலைவிட மோசமாயிற்றே என்று எனக்குப் பதறியது. அப்படியானால் பரணை இன்னும் உயரமாகக் கட்டவேண்டும், காற்று வரும் திசை பார்த்து நடவேண்டும் என்றேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் கை பேசியது. என் துப்பட்டாவையே நீட்டிப் பிடித்து வலை எப்படித் தொங்கும் என்று காட்டினேன். எழுந்து வந்து அம்மையார் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. மிச்ச ஸ்லைடுகள் ஓடவே இல்லை.

முடித்து உட்கார்ந்தபோது ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். டைரக்டரும் அப்படித்தான் நினைத்தார்.

"வெரி எஃபெக்டிவ்," என்றார். அடுத்து அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நன்றாகப் புரிந்தது. சேறு இருக்கும் இடத்துக்குத்தான் பரண் அவசரம். ஆகவே முதலில் ஏனாம். பதவி உயர்வில் எப்படியும் இந்த மேடத்துக்கு ஓர் இடம் கொடுக்கவேண்டும். மொழி தெரியாத அதிகாரிக்கே இவ்வளவு விளங்கவைக்கிறவர், அங்கேயே போய்த் தொடங்கிக் கொடுக்கட்டும். அம்மையார் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுத்துப் பேச எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. அந்த நேரத்தில் தமிழும் வரவில்லை. "தாங்க்யூ சார்" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் போனில் மகளின் கேள்விகள் வந்துகொண்டேயிருந்தன. பதில் எழுதி எழுதி அழித்தேன். தரங்கம்பாடி தாண்டி, வரிச்சிக்குடி வயல்கள் வந்தபோதும் ஒரு சொல்கூட அனுப்பியிருக்கவில்லை. மண்டபத்தூர் பெண்களுக்கும் பதில் சொல்லவேண்டும். போன வாரம்தான், "இந்தத் தடவையாச்சும் வந்துடுமா மேடம்?" என்று கேட்டிருந்தார்கள்.

கதவைத் திறந்ததும் மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"சொதப்பிட்டீங்களா?"

"இல்லடி. நல்லாப் பேசிட்டேன்."

"சொன்னேன்ல!" என்று கட்டிக்கொண்டாள். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டுதான் மிச்சத்தைச் சொல்ல முடிந்தது. அவள் கைகள் மெல்லத் தளர்ந்தன.

"அங்க என்ன மொழி?"

"தெலுங்கு."

"யார் உங்களுக்கு ரெக்கார்ட் பண்ணித் தருவாங்க? எனக்குத் தெலுங்கு தெரியாதே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு முடிவதற்குள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். தட்டவில்லை.

இப்போது அவள் காரைக்காலிலேயே என் அக்கா வீட்டில் இருந்து படிக்கிறாள். நான் ஏனாமில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். முதல் பரண் எழுந்துவிட்டது. காலையில் ஆற்றோரம் போய்த் தப்பும் தவறுமாக இங்கிலீஷ் பேசுகிறேன், அம்மையார் அதைத் தெலுங்கில் பெண்களுக்குச் சொல்கிறார். பயம் ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அன்று அந்த மேசை முன்னால் ஊமையாகவே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன். அப்போதும் இங்கேதான் அனுப்பியிருப்பார்களோ என்னவோ. எந்தப் பக்கம் போனாலும் கதவு மூடித்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம் அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டதும், போனில் அந்தப் பதிவை ஓடவிடுகிறேன். விரலால் இழுத்தால் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம். நான் இழுப்பதில்லை. ரெஸ்பெக்டெட் டைரக்டர் சார், முன்னுரை, மணல், பரண் எல்லாவற்றையும் வரிசை தவறாமல் கேட்டுக்கொண்டு வருகிறேன். தாங்க்யூ சொல்கிறாள். ஒரு மூச்சு விடுகிறாள்.

"அவ்வளவுதான் உம்மா. பசிக்குது, என்ன இருக்கு?"